ஏடும் பிலிமும் எண்ணும்

1858ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வந்தார். மதராஸ் அரசாங்கம் அவரைத் தன் நிழற்படக்காரராக நியமித்திருந்தது. சீரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை என்று ஊர் ஊராகச் சென்று கோயில்களையும் அரண்மனைகளையும் படமெடுப்பது அவர் பணி. பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி வெட்டப்பட்டிருந்த கல்வெட்டுகளை அவர் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். அவர் கையாண்ட நெகட்டிவ் கண்ணாடியும் அன்று, பிலிமும் அன்று. மெழுகு ஊட்டிய காகிதம். 165 ஆண்டுகளுக்கு மேலாகியும் அப்படங்கள் இருக்கின்றன. எந்தக் கருவியின் துணையுமின்றி அவற்றை இன்றும் கண்ணால் காணலாம்.

இனி, 2008இல் நம் வீட்டில் நடந்த ஒரு நிக்காஹ்வின் படங்களை நினைத்துப் பாருங்கள். டிஜிட்டல் கேமராவால் ஐந்நூறு அறுநூறு படங்கள் எடுத்திருப்பார்கள். ஒரு வட்டத்தகட்டில் பதிந்து கொடுத்திருப்பார்கள். அந்தத் தகடு இன்று எங்கே? கிடைத்தாலும் அதைப் படிக்கும் கருவி வீட்டில் உண்டா? உண்டென்றாலும் அது திறக்குமா? அதே வீட்டின் பீரோவில், துணிகளுக்கு அடியில், பாட்டனார் மலேயாவுக்குக் கப்பலேறுமுன் எடுத்துக்கொண்ட பாஸ்போர்ட் படம் மட்டும் சற்றே பழுப்பேறி அப்படியே இருக்கும். யாரும் அதைப் பேணவில்லை. அது தானாகவே இருந்துவிட்டது.

பழையது நிலைக்க, புதியது மறைவது ஏன்? இது கருவிகளைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. 2000ஆம் ஆண்டுக்குப் பின் பிறந்த நம் பிள்ளைகளின் குழந்தைப் பருவம் முழுவதும் எண்களாகவே பதிவாகியிருக்கிறது. அவை அழியுமானால், ஒரு தலைமுறையின் முகமே அடுத்த தலைமுறைக்குக் கிட்டாமற் போகும். ஆகவே இதன் வரலாற்றைச் சிறிது ஆராய்வோம்.

நிழலைத் தடுத்து நிறுத்திய கதை

இருளறை ஒன்றின் சுவரில் சிறு துளையிட்டால், வெளியே உள்ள காட்சி எதிர்ச்சுவரில் தலைகீழாக விழும். இந்த இயல்பை முறையாக ஆராய்ந்தவர்களில் தலையாயவர் இப்னுல் ஹைதம் (ரஹ்). கெய்ரோவில் வாழ்ந்து ஏறத்தாழ 1040இல் மறைந்த அப்பேரறிஞர், கிரகணத்தின்போது பிறைவடிவாகத் தெரியும் சூரியனின் உருவம் சிறுதுளை வழியே எவ்வாறு விழுகிறது என்பதைப் பற்றித் தனி நூலே எழுதினார். அவருடைய 'கிதாபுல் மனாழிர்' லத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பாவின் ஒளியியலுக்கு அடித்தளமாயிற்று. ஆயினும் சுவரில் விழுந்த உருவத்தை நிறுத்தி வைக்கும் வழி அவர் காலத்தில் இல்லை. துளையை மூடியவுடன் உருவம் மறைந்துவிடும்.

அதை நிறுத்தி வைக்க வெள்ளி வந்தது. வெள்ளியின் சில உப்புகள் ஒளி பட்டால் கறுக்கும் என்னும் இயல்பைக் கொண்டு, 1839இல் பிரான்சின் தாகேர் தம் முறையை உலகுக்கு அறிவித்தார். வெள்ளித் தகட்டில் விழுந்த அப்படத்துக்கு இரண்டாம் பிரதி கிடையாது. அதே காலத்தில் இங்கிலாந்தின் டால்பட் காகிதத்தில் நெகட்டிவ் எடுத்து, அதிலிருந்து எத்தனை பிரதி வேண்டுமானாலும் ஒற்றியெடுக்கும் வழியைக் கண்டார். டிரைப் தஞ்சைக்குக் கொண்டு வந்தது இந்த இரண்டாம் வழியையே. ஒன்றிலிருந்து பல பிரதி என்னும் இந்தக் கருத்து இக்கட்டுரையில் மீண்டும் வரும். வாசகர்கள் இதை மனத்தில் இருத்துக.

முஸ்லிம் உலகம் இக்கலையை விரைவிலேயே சந்தித்தது. எகிப்திய இராணுவப் பொறியாளரான முஹம்மது ஸாதிக் பே 1861இல் மதீனா முனவ்வராவையும் 1880இல் மக்கா முகர்ரமாவையும் படமெடுத்தார். அப்புண்ணியத் தலங்களின் ஆதி நிழற்படங்கள் அவையே. உருவப்படத்தைப் பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு எழுந்ததும், இன்றும் அது முற்றிலும் தீராததும் வாசகர்கள் அறிந்ததே. எகிப்தின் முஃப்தியாக விளங்கி 1935இல் மறைந்த ஷெய்கு முஹம்மது பகீத் அல்முத்தீஈ, இதற்கெனவே ஒரு சிறுநூல் எழுதினார். நிழற்படம் எடுப்பது ஓர் உருவத்தைப் புதிதாய்ப் படைப்பதன்று. ஏற்கெனவே உள்ள நிழலைத் தடுத்து வைப்பதே என்பது அவருடைய வாதம். அரபியில் அதை 'ஹப்ஸுள் ழில்' என்பார்கள். தமிழில் 'நிழற்படம்' என்று பெயரிட்டவரும் ஏறத்தாழ அதே கருத்தைத்தான் கொண்டிருந்தார் போலும்!

இந்த வாதப் பிரதிவாதங்களுக்கிடையே நம் குடும்பங்கள் பலவற்றில் படம் நுழைந்தது பாஸ்போர்ட்டின் வழியாகவே. பர்மா, மலேயா, சிலோன் வணிகத்துக்கும் பின்னர் ஹஜ் பயணத்துக்கும் படம் கட்டாயமாயிற்று. எத்தனையோ வீடுகளில் பாட்டியாரின் ஒரே படம் ஹஜ்ஜுக்குப் போக எடுத்ததுதான். ஒன்றே ஒன்று இருப்பதால் அது அருமையாயிற்று.

வெள்ளியின் ஆயுள்

பிலிம் என்பது மூன்று பொருள்களின் கூட்டு. அடியில் ஒளி ஊடுருவும் தாள். அதன்மேல் விலங்குகளின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கும் ஜெலட்டின் பசை. பசைக்குள் வெள்ளி உப்பின் நுண்மணிகள். ஒளி பட்ட மணிகள் கழுவும்போது தூய வெள்ளியாகி நிலைக்கும். படாதவற்றை ஹைப்போ கரைத்து நீக்கிவிடும். கறுப்பு வெள்ளைப் படத்தில் நாம் காணும் கறுமை வெள்ளி உலோகமே. அந்த உலோகம் எளிதில் மாறுவதில்லை. ஹைப்போவை நன்றாகக் கழுவி நீக்கிய படம் நூறாண்டு கடந்தும் தெளிவாக இருப்பதற்கு இதுவே காரணம். கழுவுவதில் அவசரப்பட்டவர்களின் படங்கள் மஞ்சள் பூத்து மங்கின.

ஆனால் பிலிமின் பெருமையை அளவுக்கு மீறிப் பேசுவதும் பொருந்தாது. முதலில் வந்த பிலிமின் அடித்தாள் நைட்ரேட். அது தானே சிதையும், எளிதில் தீப்பற்றும், பற்றினால் நீராலும் அணையாது. 1950களின் தொடக்கத்தில் அதன் உற்பத்தி பெரும்பாலும் நின்றது. அடுத்து வந்த அசிடேட் தீப்பற்றாது. ஆனால் வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அதிலிருந்து புளித்த காடியின் வாடை எழும், தாள் சுருங்கும், பசை உரியும். பின்னர் வந்த பாலியெஸ்டரே உறுதியானது. முறையாகக் கழுவி, குளிர்ந்த உலர்ந்த அறையில் வைத்த பாலியெஸ்டர் நுண்பிலிமுக்கு 500 ஆண்டு ஆயுளை வல்லுநர்கள் மதிப்பிடுகின்றனர்.

வண்ணப் படத்தின் நிலை வேறு. அதில் இறுதியில் எஞ்சுவது வெள்ளியன்று, சாயம். சாயம் வெளுக்கும் என்பதைப் பட்டு நெய்யும் ஊரில் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1970களிலும் 1980களிலும் எடுத்த பல வண்ணப் படங்கள் இன்று செம்மை படர்ந்து நிற்கின்றன. அவற்றுக்கு முப்பது ஆண்டு முற்பட்ட கறுப்பு வெள்ளைப் படங்களோ தெளிவாக இருக்கின்றன.

நம் மாநிலத்திலேயே பிலிம் உருவான காலம் ஒன்றுண்டு. உதகமண்டலத்தில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனம் 1960இல் பொதுத்துறையில் தொடங்கப்பட்டு, 1967இல் உற்பத்தியைத் தொடங்கியது. 'இந்து' என்னும் பெயருடன் கறுப்பு வெள்ளை பிலிமும், படக் காகிதமும், எக்ஸ்ரே பிலிமும் அங்கிருந்து நாடெங்கும் சென்றன. வண்ணமும் அயல்நாட்டுப் போட்டியும் டிஜிட்டலும் ஒன்றன்பின் ஒன்றாக வர, ஆலை நலிந்து மூடப்பட்டது. நம் ஊர் ஸ்டூடியோக்களின் இருட்டறைகளில் அந்த நீலகிரித் தாள்கள் எத்தனை முகங்களை ஏந்தினவோ!

பிலிமைப் பேணாமல் இழந்ததற்கும் தமிழகமே சான்று. 1931 அக்டோபர் 31இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' இன்று இல்லை. ஒரு பிரதிகூட எஞ்சவில்லை. அதற்கு முற்பட்ட மௌனப் படங்களிலும் பெரும்பாலானவை மறைந்தன. சில தீயில் அழிந்தன. பல வெள்ளிக்காக உருக்கப்பட்டன. இந்தியத் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் பூனாவில் 1964இல்தான் அமைந்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. பூனாத் திரைப்படக் கல்லூரி வளாகத்தில் 2003 ஜனவரியில் நேர்ந்த தீவிபத்தில், அங்கே வைத்திருந்த நைட்ரேட் பிலிம்களும் எரிந்து போயின. எனவே பிலிம் என்றும் வாழும் என்பது சரியன்று. தீ, நீர், வெப்பம், பேராசை ஆகிய நான்கும் விட்டுவைத்தால் அது நெடுநாள் வாழும் என்பதே சரி.

ஆரணித் தறியில் எண்படம்

டிஜிட்டல் படம் என்றால் என்ன என்று மாணவர்கள் கேட்டால், எங்கள் ஊர்த் தறியைக் காட்டுவதே எளிது. கமண்டல நாக நதிக்கரையிலுள்ள ஆரணியில் பட்டுத் தறியின் தலைக்குமேல் ஜக்கார்டு பெட்டி அமர்ந்திருக்கும். அதில் துளையிட்ட அட்டைகள் சங்கிலி போலக் கோக்கப்பட்டு ஒவ்வொன்றாகத் திரும்பும். அட்டையில் துளை இருக்குமிடத்தில் ஊசி நுழையும். அதற்குரிய பாவு இழை மேலெழும். துளையில்லாத இடத்தில் இழை எழாது. ஒவ்வோர் ஊடை இழைக்கும் ஓர் அட்டை. எழும், எழாது என்னும் இரண்டே விடைகளைக் கொண்டு கரையில் மயிலும் முந்தியில் மாங்காயும் பூக்கின்றன.

பிரான்சின் லியோன் நகரில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜக்கார்டு என்பார் இதனை ஆக்கினார். 1839இல் அந்நகரில் அவருடைய உருவத்தையே பட்டில் நெய்தார்கள். அதற்குத் தேவைப்பட்ட அட்டைகள் ஏறத்தாழ 24,000. கணிப்பொறியின் முன்னோடியான சார்லஸ் பாபேஜ் அப்பட்டுப் படம் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். தாகேர் தம் வெள்ளிப் படத்தை அறிவித்ததும் அதே 1839. ஒரே நாட்டில் ஒரே ஆண்டில் இருவகைப் படங்கள் தோன்றின. ஒன்று ஒளியின் தடயம். மற்றொன்று எண்களின் கணக்கு. முன்னது பிலிமாக வளர்ந்தது. பின்னது நம் கைப்பேசிக்குள் வந்து சேர்ந்தது.

டிஜிட்டல் கேமரா செய்வதும் இதுவே. காட்சியைப் பல லட்சம் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் ஒளியையும் எண்ணாக எழுதுகிறது. 1975இல் கோடக் நிறுவனத்தின் ஸ்டீவன் ஸாஸன் ஆக்கிய முதற்கருவி 10,000 கட்டங்களை மட்டுமே பதிந்தது. ஒரு படத்தை ஒலிநாடாவில் எழுத அதற்கு 23 விநாடி பிடித்தது. அதைத் தன் பிலிம் வணிகத்துக்கு அஞ்சி ஒதுக்கி வைத்த அதே கோடக், 2012இல் நொடிப்பு மனு கொடுத்தது.

தறியிலிருந்தே இன்னொன்றையும் அறியலாம். அட்டைக் கட்டு இருக்கும் வரை ஒரே சேலையைப் பத்து முறையும் நூறு முறையும் ஒன்றுபோல் நெய்யலாம். பத்தாவது சேலை முதற்சேலைக்கு எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. எண்ணின் பெருமை இது. ஆனால் அட்டைக்கட்டு மட்டும் இருந்து, அதற்குரிய பெட்டி இல்லையென்றால்? கையில் இருப்பது வெறும் துளைகள். அவற்றை எவ்வளவு உற்று நோக்கினாலும் மயில் தெரியாது. எண்ணின் சிறுமை இது. இப்பொழுது அட்டைக்குப் பதில் கணினியில் வரைந்த டிசைனை நேரே தறிக்கு அனுப்பும் கருவிகளும் வந்துவிட்டன. பழைய பிளாப்பித் தகட்டில் கிடக்கும் டிசைனைத் திறக்க இயலாதபோது, ஒரு பழைய சேலையைத் தேடியெடுத்து இழை எண்ணி மீண்டும் வரைவதன்றி வேறு வழியில்லை.

எண்படத்தின் நோய்கள்

பிலிமின் நோய் கண்ணுக்குத் தெரியும். மஞ்சள் பூக்கும், காடி வாடை வீசும், பூஞ்சை படரும். பாதி அழிந்த படத்திலும் முகத்தை அடையாளம் காணலாம். எண்படத்தின் நோய் வெளியே தெரியாது. நேற்று வரை திறந்தது இன்று திறக்காது, அவ்வளவே.

நோய்கள் மூவகை. முதலாவது, எண்களைத் தாங்கும் பொருளின் சிதைவு. வீட்டில் பதியும் வட்டத்தகட்டில் எண்களைத் தாங்குவது ஒரு சாயப்பூச்சு. வெயிலும் வெப்பமும் அதைக் கெடுக்கும். ஹார்டு டிஸ்க் என்பது ஓயாது சுழலும் இயந்திரம், இயந்திரங்கள் தேயும். பென் டிரைவிலும் நினைவட்டையிலும் எண்கள் மின்னூட்டமாக நிற்கின்றன. பல ஆண்டுகள் தொடாமல் வைத்தால் அது கசிந்துவிடக்கூடும். பீரோவில் பூட்டிவைத்தால் பிலிம் பிழைக்கும்; பென் டிரைவ் பிழைக்கும் என்று உறுதி கூற இயலாது.

இரண்டாவது, படிக்கும் வகை மறைதல். 1992இல் கோடக் நிறுவனம் 'போட்டோ சிடி' என்னும் தகட்டைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. படங்களின் வருங்கால வீடு இதுவே என்று கூறப்பட்டது. அதன் எழுத்துமுறையை அந்நிறுவனம் தன்னிடமே வைத்துக்கொண்டது. சில ஆண்டுகளில் வணிகம் சரிய, அம்முறையும் கைவிடப்பட்டது. அதே 1992இல் ஜேபெக் என்னும் முறை அனைவருக்கும் பொதுவான தரமாக வெளியிடப்பட்டது. முப்பது ஆண்டு கடந்தும் உலகெங்கும் திறக்கிறது. ஒருவர் பூட்டி வைத்தது மறைந்தது. பலர் கையில் இருந்தது நிலைத்தது.

மூன்றாவது, பிறர் வீட்டில் வைத்த பொருளின் கதி. 2004இல் தொடங்கிய ஆர்குட்டில் நம் நாட்டு இளைஞர்கள் ஏராளமான படங்களை ஏற்றினார்கள். 2014 செப்டம்பர் 30இல் அது மூடப்பட்டது. படங்களை எடுத்துக்கொள்ளச் சில காலம் அவகாசம் தந்தார்கள், எடுக்காதவர்கள் இழந்தார்கள். இன்று இணையத்தில் சேமிக்கும் படங்களும் அவ்வாறே. ஒருவர் வஃபாத்தானால் அவருடைய கடவுச்சொல்லும் அவருடனே போய்விடுகிறது. பாட்டனாரின் பீரோச் சாவியைத் தேடி எடுக்கலாம்; கடவுச்சொல்லை எங்கே தேடுவது?

வாட்ஸப் வழியாகப் படம் அனுப்பும் வழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்குகிறது. எப்போது எடுத்தது என்னும் உட்குறிப்பும் நீங்கிவிடுகிறது. உறவினர் குழுவில் நாம் பெற்றுச் சேமிப்பது மூலமன்று, தேய்ந்த பிரதி.

இந்த அல்லல்கள் செல்வர்களுக்கும் உண்டு. அமெரிக்கத் திரைப்படக் கலைக்கழகம் 2007இல் வெளியிட்ட அறிக்கையில், ஒரு திரைப்படத்தின் மூலத்தைப் பிலிமாகக் காக்க ஆண்டுக்கு 1,059 டாலரும், எண்களாகக் காக்க 12,514 டாலரும் ஆகும் என்று கணக்கிட்டிருந்தது. பதினொரு மடங்குக்கும் மேல்! பிலிமை அறையில் வைத்துக் குளிரூட்டினால் போதும். எண்களை இடைவிடாமல் சரிபார்த்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய கருவிக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அன்று முதல் சேமிக்கும் கருவிகளின் விலை பெரிதும் குறைந்திருக்கிறது. மாற்றி எழுதும் கடமை குறையவில்லை.

ஏடு கற்பிக்கும் பாடம்

டிஜிட்டல் படத்தைப் பிலிமின் வாரிசு என்று நாம் எண்ணுகிறோம். பேணும் முறையை நோக்கினால் அது பிலிமின் வாரிசன்று, பனையோலையின் வாரிசு.

ஓலை இரண்டு மூன்று நூற்றாண்டு தாங்கும். அதற்குள் செல்லும் பூச்சியும் அதை அரிக்கும். பழந்தமிழ் நூல்கள் ஈராயிரம் ஆண்டு கடந்து நம்மிடம் வந்தது ஓலையின் உறுதியாலன்று. ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருவர் அமர்ந்து புதிய ஏட்டில் படியெடுத்ததால். எந்தத் தலைமுறையில் அப்பணி நின்றதோ அத்தலைமுறையோடு நூல் மறைந்தது. உமறுப் புலவரின் சீறாப்புராணமும் ஏடுகளாகவே உலவியது. ஷெய்கு அப்துல்காதிர் நயினார் லெப்பை ஆலிம் அவர்கள் ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கி 1842இல் அச்சேற்றினார்கள். அன்னார் அந்தப் பாடு படாதிருந்தால் இன்று நாம் அக்காப்பியத்தைப் பற்றிப் பிறர் சொல்லக் கேட்டிருப்போம், படித்திருக்க மாட்டோம்.

அரபுக் கலைமரபு இதில் இன்னும் நுட்பமாகச் சிந்தித்திருக்கிறது. யமாமா போரில் ஹாபிழ்கள் பலர் ஷஹீதானபோது, ஒரே வகைக் காப்பை நம்பியிருத்தல் ஆபத்து என்பதை உணர்ந்து, அபூபக்ர் (ரலி) அவர்கள் ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களைக் கொண்டு திருக்குர்ஆனை ஏட்டில் தொகுக்கச் செய்தார்கள். உஸ்மான் (ரலி) அவர்கள் படிகள் எடுப்பித்துக் கூபா, பஸரா, ஷாம் முதலிய நகரங்களுக்கு அனுப்பினார்கள். நெஞ்சிலும் ஏட்டிலும் என்று இருவகைக் காப்பு. ஒரே ஊரில் குவிக்காமல் பல ஊர்களில் பிரதி. இன்றைய ஆவணக் காப்பாளர்கள் வகுக்கும் விதியும் இதுவே: மூன்று பிரதி இருக்க வேண்டும், இருவகைக் கருவிகளில் இருக்க வேண்டும், ஒன்றேனும் வேற்றிடத்தில் இருக்க வேண்டும்.

படியெடுத்தால் போதுமா? பிழையின்றி எடுத்தோம் என்பதற்கு உறுதி என்ன? அதற்கு 'முகாபலா' என்னும் முறை இருந்தது. படியெடுத்தவர் மூலத்தோடு அதை ஒப்பிட்டுப் படித்து, எதுவரை ஒப்பிட்டாரோ அவ்விடத்தின் ஓரத்தில் குறியிடுவார். ஹதீஸ் ஏடுகளில் ஒவ்வொரு ஹதீஸின் முடிவிலும் சிறு வட்டம் வரைந்து, ஒப்பிட்டபின் அதனுள் ஒரு புள்ளி வைக்கும் வழக்கமும் உண்டு. திருக்குர்ஆனின் ஆயத்துகளையும் சொற்களையும் எழுத்துகளையும் எண்ணிக் கணக்கெடுத்த அறிஞர்கள் பலர். எண்ணிக்கை பொருந்தாவிட்டால் எங்கோ பிழை என்று அறியலாம். இன்று கணினியில் ஒரு கோப்பின் எண்கள் அனைத்தையும் கணக்கிட்டு ஒரு குறியெண் பெறுகிறார்கள். படியெடுத்தபின் மீண்டும் கணக்கிட்டு, குறியெண் பொருந்துகிறதா என்று பார்க்கிறார்கள். கருவி புதிது, கருத்து நம் முன்னோர் அறிந்தது.

மூன்றாவது பாடம் ஸனது. யார் யாரிடம் கேட்டார் என்னும் தொடர் இல்லாத செய்தியை அறிஞர்கள் ஏற்பதில்லை. பெயரற்ற படமும் அப்படிப்பட்டதே. மக்காவில் 1880களில் படமெடுத்த ஸைய்யித் அப்துல் கப்பார் என்னும் மருத்துவர், தம் பெயரை அழகிய எழுத்தில் படங்களிலேயே பொறித்திருந்தார். ஹாலந்து நாட்டு அறிஞர் ஸ்னூக் ஹர்குரோனியே 1889இல் வெளியிட்ட மக்காப் படத் தொகுதியில் அந்த எழுத்துகள் பல படங்களிலிருந்து நீக்கப்பட்டிருந்தன. அப்படங்களுக்குரிய புகழ் அந்த மக்காவாசிக்கு நெடுங்காலம் சேராமற் போனது. படம் பிழைத்தது, ஸனது அறுந்தது. நம் வீட்டு ஆல்பத்தில் 'இது யார்?' என்று பிள்ளை கேட்க, விடை சொல்ல யாருமில்லாத நிலையும் இதுவே.

காத்தவர்கள்

ஒரே இடத்தில் ஒரே பிரதி என்னும் நிலை எவ்வளவு கொடியது என்பதைத் தமிழினம் 1981இல் கண்டது. யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. வேறெங்கும் பிரதியில்லாதவை மீளவே இல்லை. அந்தத் துயரத்தின் பாடத்தை உணர்ந்தாற்போல், 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் இணையத் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்வடிவில் சேர்த்து யாவருக்கும் வழங்கி வருகிறது.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா அவர்கள் தம் வாழ்நாளெல்லாம் தமிழ் அச்சு நூல்களையும் இதழ்களையும் துண்டறிக்கைகளையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கித் தமிழ்நாட்டிலேயே நிலைக்கச் செய்தது. 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. அங்கே நூல்களை முதலில் நுண்பிலிமில் எடுத்தார்கள். பின்னர் எண்வடிவுக்கும் மாற்றினார்கள். ஒன்றை விட்டு ஒன்றைப் பற்றாமல் இரண்டையும் கைக்கொண்டது கருதத்தக்கது.

ஸ்டூடியோப் படங்களுக்கும் அத்தகைய முயற்சி நடந்திருக்கிறது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், பிரித்தானிய நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் துணையுடன், 2010களில் தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோக்களைத் தேடிச் சென்று, கண்ணாடி நெகட்டிவ்களையும் குடும்பப் படங்களையும் எண்வடிவில் பதிந்தார்கள். ஆனால் ஆய்வாளர் ஊர்தோறும் வர இயலாது. ஸ்டூடியோ ஒன்று மூடும்போது முதலில் கழிவுக்குப் போவது நெகட்டிவ் பெட்டிகளே. அதில் ஒரு ஊரின் அரை நூற்றாண்டு முகங்கள் இருக்கும் என்பது எடைபோட்டு வாங்குபவருக்குத் தெரியாது, விற்பவருக்கும் தோன்றுவதில்லை.

உலகின் வடகோடியில் நிகழும் ஒன்றையும் இங்கே குறிப்பிடலாம். நார்வேக்குரிய ஸ்வால்பார்ட் தீவில், கைவிடப்பட்ட நிலக்கரிச் சுரங்கம் ஒன்றில், 2017இல் ஓர் ஆவணக் களஞ்சியம் திறந்தார்கள். உறைபனிக் குளிரில் அங்கே காப்பது எண்களையே. அவற்றைத் தாங்கி நிற்பதோ பிலிம். எண்களைப் பிலிமில் பதித்து, அவற்றைப் படிக்கும் முறையையும் கண்ணால் காணும் எழுத்தில் அதே பிலிமில் எழுதி வைக்கிறார்கள். பிலிமை விரட்டிய எண், நீண்ட ஆயுளுக்காகப் பிலிமிடமே அடைக்கலம் புகுந்திருக்கிறது!

வீட்டார் செய்யத்தக்கவை

ஆகவே எது சிறந்தது என்னும் கேள்விக்கு விடை இதுதான். பிலிம் புறக்கணிப்பைத் தாங்கும். ஆனால் ஒன்றே ஒன்றாக இருப்பதால் ஒரு வெள்ளத்தில் போய்விடும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் எத்தனையோ வீடுகளில் ஆல்பங்கள் சேறாயின. எண்படம் புறக்கணிப்பைத் தாங்காது. ஆனால் துபாயிலும் கோலாலம்பூரிலும் ஆரணியிலும் ஒரே நேரத்தில் குறைவின்றி இருக்க வல்லது. இரண்டின் பலத்தையும் சேர்ப்பதே அறிவுடைமை.

பழைய நெகட்டிவ்களை எண்வடிவில் பதிந்தபின்பும் எறியலாகாது, அவையே மூலம். தகரக் கூரையின் கீழும் அடுப்பங்கரையின் பக்கத்திலும் வைக்காமல், காகித உறையிலிட்டு வீட்டின் குளிர்ந்த, ஈரமற்ற இடத்தில் வைக்க வேண்டும். பசை பூசிய பக்கத்தில் ஒட்டி மேலே பிளாஸ்டிக் தாள் மூடும் ஆல்பங்களில் பழைய படங்களைச் செருகுதல் கூடாது; அந்தப் பசையே படத்தை அரிக்கும்.

எண்படங்களில் முதற்பணி தேர்வு. பல்லாயிரம் படங்களை யாராலும் பேண முடியாது. ஓராண்டுக்கு ஐம்பது படம் தேர்ந்தால் ஐம்பது ஆண்டில் 2,500 படம். அது ஒரு குடும்பத்தின் சரித்திரத்துக்குப் போதும். தேர்ந்தவற்றின் மூலக்கோப்பை ஜேபெக் போன்ற பொதுமுறையில் இரண்டு ஹார்டு டிஸ்குகளிலும், மற்றொன்றை இணையச் சேமிப்பிலோ வெளியூரில் வாழும் பிள்ளையின் வீட்டிலோ வைக்க வேண்டும். ஹிஜ்ரி ஆண்டு பிறக்கும் முஹர்ரம் மாதத்தில் ஒருமுறை அனைத்தையும் திறந்து பார்த்து, ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை புதிய கருவிக்குப் படியெடுத்தல் நலம். கடவுச்சொல்லை எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வைப்பதும் ஒரு வஸிய்யத்தே. மிக அருமையான பத்துப் பன்னிரண்டு படங்களையேனும் நல்ல காகிதத்தில் அச்சிட்டு வைத்தால், எல்லாக் கருவிகளும் கைவிட்ட நாளிலும் கண் ஒன்றே போதும்.

எல்லாவற்றுக்கும் மேலாகப் பெயர் எழுத வேண்டும். யார், எந்த ஊர், எந்த ஆண்டு, எடுத்தவர் யார் என்பதைப் படத்தின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் எழுதலாம். எண்படமானால் கோப்பின் பெயரிலேயே எழுதலாம். இதைச் செய்ய வேண்டியவர்கள் இளைஞர்கள். சொல்ல வேண்டியவர்கள் முதியவர்கள். இருவரும் ஒரே வீட்டில் இருக்கும் காலம் சிறிது. வெள்ளி மங்க நூறாண்டு ஆகலாம். எண்ணை எத்தனை முறையும் படியெடுக்கலாம். பாட்டியாரின் நெஞ்சிலுள்ள பெயர்களுக்கு மட்டும் வேறு பிரதி இல்லை. இந்த விடுமுறையில் ஒரு மாலைப்பொழுது ஆல்பத்தை அவர் மடியில் விரித்து, பென்சிலும் கையுமாக அருகில் அமருங்கள்.